ராக்ஷஸப் பல்லிகளின் கொலு

சென்ற அக்கினி நட்சத்திரத்தின்போது, ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, நமது வீட்டுப் புத்தக அலமாரியின் மேல் தட்டில் பெரும் விபத்து ஒன்று நேர்ந்தது. சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயர்ந்திருந்த நாம், தடதடவென்ற சத்தம் கேட்டு எழுந்து ஓடினோம். டைரனோஸாரஸ் என்னும் மாமிசபக்ஷிணி மூர்ச்சை போட்டு விழுந்து கிடந்தது. தான் விழுந்ததோடு நிற்காமல், பக்கத்திலிருந்த மூன்று கொம்பு டிரைஸெராடாப்ஸையும் தள்ளி, அது ஸ்டெகோஸாரஸின் மேல் சாய்ந்து, வரிசை முழுவதும் ரயில் கவிழ்ந்தது போலக் கிடந்தது. இந்த டைனோஸார்களில் கடைசியாக வாழ்ந்தவை பூமியிலிருந்து மறைந்து 6 கோடியே 60 லட்சம் வருஷங்கள் ஆகின்றன. நமது வீட்டில் அவை இரண்டாம் முறை மாண்டதற்குக் காரணம் சென்னைப் பட்டணத்து வெயில்.

விஷயம் இதுதான். இந்தப் பொம்மைகள் ஒருவித மிருதுவான பிளாஸ்டிக்கினால் வார்க்கப்பட்டவை. கோடையில் அது இளகும். மெலிந்த கணுக்கால் மெல்ல மெல்ல வளையும். உயிருள்ள டைரனோஸாரஸ் பெருந்தலையை முன்னாலும் கனத்த வாலைப் பின்னாலும் நீட்டி, இடுப்பைத் தராசு முள்ளாக வைத்துக்கொண்டு நடந்தது. பொம்மை செய்கிறவன் அதே பாரத்தை இரண்டு சிறு பாதங்களில் நிறுத்தியாக வேண்டும். சிலர் பாதத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிவிடுகிறார்கள். சிலர் வாலைத் தரையில் ஊன்றி மூன்றாவது காலாக்கிவிடுகிறார்கள். உள்ளது உள்ளபடி செய்கிறவருடைய பொம்மைதான் சித்திரை வைகாசியில் விழுகிறது. அன்றைய தினம் நமது அலமாரியில் பொய்ப் பாதம் வைத்த இரண்டு பொம்மைகள் மட்டும் அசையாமல் நின்றுகொண்டிருந்தன என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

பரிகாரம் சுலபம். வளைந்த காலை வெந்நீரில் சற்று நேரம் வைத்து, நிமிர்த்திப் பிடித்து, உடனே குளிர்ந்த ஜலத்தில் அமிழ்த்தினால் நேராகிவிடும். இதை நாம் செய்துகொண்டிருந்தபோதுதான் நமது மருமான் பக்கத்தில் வந்து நின்றான். வயது ஒன்பது. அவன் தரையில் கிடந்தவற்றில் மூன்று பொம்மைகளை எடுத்து வைத்துக்கொண்டு, "மாமா! மூன்றுக்கும் அடியிலே இகுவனோடான் என்று ஒரே பேர் போட்டிருக்கிறதே! ஒன்றுக்கொன்று ஜாடையே இல்லையே! இதிலே எது நிஜம்?" என்று கேட்டான்.

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டாருக்குப் பொம்மை சேர்க்கும் பைத்தியத்தைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கொலுவில் செட்டியார் பொம்மைக்குத் தொந்தி ஒரு விரற்கடை கூடிவிட்டால் யாரும் ஆக்ஷேபிப்பதில்லை. நாம் சேர்க்கும் பொம்மைகளுக்கோ ஒவ்வோர் அங்கத்துக்கும் சாக்ஷி கேட்கப்படும். எலும்பு எங்கே கிடைத்தது, எத்தனை கிடைத்தது, தோலின் அச்சு உண்டா, இறகு உண்டா என்ற விசாரணைகளில் தேறியதே 'சாஸ்திரப்படி சரியான' உருவம். அதிலேதான் பையன் கேட்ட கேள்வியின் சங்கடம் இருக்கிறது. அந்த மூன்று இகுவனோடான்களும், செய்யப்பட்ட காலத்தில், சாஸ்திரப்படி சரியானவையே.

மூன்றில் மூத்தது, லண்டன் நகரத்தின் தெற்கே ஸைடன்ஹாமிலுள்ள பளிங்கு மாளிகைப் பூங்காவில் நிற்கும் பெரிய உருவத்தின் சிறு பிரதி. காண்டாமிருகம் போன்ற சரீரம், நான்கு தடித்த கால்கள், மூக்கின்மேல் ஒரு கொம்பு. இதன் சரித்திரம் சுவாரஸ்யமானது. ஸஸெக்ஸ் பிரதேசத்து வைத்தியரான கிடியன் மாண்டெல் என்பவர் சில பற்களைக் கொண்டு 1825-ல் இகுவனோடானுக்குப் பெயர் சூட்டினார். பின்னால் கூரிய எலும்பு ஒன்றும் அகப்பட்டது. அதை எங்கே வைப்பது? மூக்கின்மேல் வைத்தார். 1842-ல் ரிச்சர்டு ஓவன் என்ற அறிஞர், பயங்கரப் பல்லி என்று பொருள்படும்படி டைனோஸார் என்னும் குலப் பெயரைப் படைத்தார். அவருடைய ஆலோசனையின்மேல் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி இவற்றை முழு அளவில் செய்யத் தொடங்கினார்.

செய்தது சிற்பமா, வீடா என்று சந்தேகம் தோன்றும். ஓர் இகுவனோடானுக்கு மட்டும் இரும்புத் தூண்களைத் தவிர 600 செங்கல்லும், 900 ஓடும், 38 பீப்பாய் சிமெண்டும் செலவாயின என்று ஹாக்கின்ஸே கணக்குச் சொல்லியிருக்கிறார். 1853-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி இரவு, அந்த இகுவனோடானின் அச்சுக்குள்ளேயே மேஜை போட்டு, சுமார் 20 பிரமுகர்களுக்கு விருந்து நடந்தது. மிருகத்தின் வயிற்றுக்குள் மனிதர் போவது உண்டு. போய் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுப் பாட்டும் பாடிக்கொண்டு வெளியே வந்தது அன்று மட்டுந்தான் இருக்கும். அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில் விக்டோரியா மகாராணி மாளிகையைத் திறந்துவைத்தார். கூட்டம் அலைமோதிற்று.

ஹாக்கின்ஸ் இத்துடன் நிற்கவில்லை. தம்முடைய ராக்ஷஸப் பிராணிகளை ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்னும் விகிதத்தில் சிறு உருவங்களாகச் செய்து விற்பனைக்கும் விட்டார். லண்டனில் டெனன்ட் என்பவரும், பிறகு அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து வார்டு என்பவரும் அவற்றைக் கல்லூரிகளுக்கும் தனவான்களுக்கும் விற்றார்கள். இன்று நாம் அலமாரியில் அடுக்குகிறோமே, அந்தப் பைத்தியத்துக்கு மூலபுருஷர் அவரே.

1868-ல் அவர் அமெரிக்கா சென்று, பிலடெல்பியாவில் ஹாட்ரோஸாரஸ் ஒன்றின் எலும்புக்கூட்டை எழுப்பி நிறுத்தினார். உலகத்தில் எழுப்பி நிறுத்தப்பட்ட முதல் டைனோஸார் எலும்புக்கூடு அதுதான். பிறகு நியூயார்க் நகரத்து மத்தியப் பூங்காவில் பெரிய காட்சிசாலை ஒன்றுக்காக வேலையை ஆரம்பித்தார். நகர நிர்வாகம் கைமாறியது, திட்டம் கைவிடப்பட்டது. 1871-ஆம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி, ஆட்கள் அவருடைய பட்டறைக்குள் சம்மட்டிகளுடன் புகுந்து, செய்து வைத்திருந்த உருவங்களையும் அச்சுகளையும் தூள் தூளாக்கிவிட்டார்கள். நெடுங்காலம் இந்தப் பழியை ட்வீடு என்ற நகரத் தலைவரின் தலையில் சுமத்தி வந்தார்கள். பிரிஸ்டல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்து, உத்தரவிட்டவர் பூங்கா நிர்வாகத்தில் பொறுப்பிலிருந்த ஹென்றி ஹில்டன் என்று 2023-ல் வெளியிட்டார்கள். அந்தத் துண்டுகள் பூங்காவின் மண்ணிலேயே புதைக்கப்பட்டன என்று ஒரு பேச்சு உண்டு. பொம்மை உடைந்தால் குழந்தை அழுகிறதைப் பெரியவர்கள் பரிகசிக்கக் கூடாது என்று நாம் சொல்வது இந்தக் கதையை அறிந்ததனால்தான்.

நிற்க. இரண்டாவது இகுவனோடானுக்கு வருவோம். 1878-ல் பெல்ஜியத்தில் பெர்னிஸ்ஸார் என்ற ஊரிலுள்ள நிலக்கரிச் சுரங்கத்தில், ஆயிரம் அடிக்கும் அதிகமான ஆழத்தில், முப்பதுக்கு மேற்பட்ட இகுவனோடான்கள் அகப்பட்டன. அவற்றை ஆராய்ந்தவர் லூயி டோலோ. மூக்கின்மேல் ஐம்பது வருஷங்களாகக் கொலுவீற்றிருந்த அந்தக் கொம்பு, உண்மையில் கை கட்டைவிரலின் முள் என்று வெளியாயிற்று. டோலோ தம்முடைய இகுவனோடானைக் கங்காருவைப் போல நிமிர்த்தி, வாலின்மேல் சாய்த்து நிறுத்தினார். உலகத்துப் பொம்மைகளெல்லாம் உடனே எழுந்து நின்றன. சுமார் நூறு வருஷங்களுக்குப் பிறகு, 1980-ல் டேவிட் நார்மன் என்பவர், அப்படி நிற்க வேண்டுமானால் அந்த விறைப்பான வால் முறிய வேண்டும் என்று எடுத்துக் காட்டினார். மூன்றாவது இகுவனோடான் முதுகைக் கிடையாக வைத்து, வாலைத் தரையில் படாமல் நீட்டியபடி நிற்கிறது. நான்காவது ஒன்று வருமா என்று பையன் கேட்டான். வந்தால் வாங்கித்தானே ஆக வேண்டும்!

வால் விஷயம் இகுவனோடானோடு தீரவில்லை. ஆண்ட்ரு கார்னீகி என்ற இரும்புச் சீமான், 1899-ல் வயோமிங் பிரதேசத்தில் தம்முடைய பணத்தால் தோண்டி எடுக்கப்பட்ட டிப்ளோடோகஸின் பிரதி ஒன்றைச் சாந்தினால் வார்த்து, 1905-ல் லண்டனுக்குத் தானமாக அளித்தார். சுமார் 85 அடி நீளம். பிறகு பெர்லின், பாரிஸ், வியன்னா முதலிய நகரங்களுக்கும் அனுப்பினார். பொம்மைத் தானத்தில் இதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் ஜெர்மானியப் பண்டிதர் ஒருவர், அது யானையைப் போல நிமிர்ந்து நடக்கவில்லை, பல்லியைப் போலக் கால்களைப் பரப்பித்தான் நடந்தது என்று வாதாடினார். பிட்ஸ்பர்க் நகரத்து ஹாலண்டு சும்மா இருப்பாரா? 'அப்படியானால் விலா எலும்புகள் தரையில் இடிக்கும். அது போகுமிடமெல்லாம் பள்ளம் வெட்டிக் கொடுக்க வேண்டும்' என்ற கருத்துப்பட ஒரு போடு போட்டார். பண்டிதர் தோற்றார். ஆனால் லண்டன் டிப்ளோடோகஸின் வால் 1993 வரை தரையிலேதான் கிடந்தது. அந்த வருஷத்தில்தான் அதைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தினார்கள்.

இத்தகைய காட்சிசாலைகளின் மேற்பார்வையில் சிறு பொம்மைகள் செய்யும் வழக்கம் நமது காலத்தில் மீண்டும் வந்தது. 1974 முதல் இங்கிலாந்தில் இன்விக்டா கம்பெனி, பிரிட்டிஷ் இயற்கைச் சரித்திரக் காட்சிசாலையின் அங்கீகாரத்துடன், ஒவ்வொன்றும் ஒரே வர்ணத்தில், 45-ல் ஒரு பங்கு அளவில் உருவங்கள் வெளியிட்டது. 1988 முதல் 2015 வரையில் அமெரிக்காவில் ஸபாரி கம்பெனி, பிட்ஸ்பர்க்கிலுள்ள கார்னீகி காட்சிசாலையின் பெயரால் 40-ல் ஒரு பங்கு அளவில் கையால் வர்ணம் தீட்டிய உருவங்களை விற்றது. இந்த 40 என்ற எண் நமக்கு வெகு செளகரியம். 40 அடி டைரனோஸாரஸ் ஓர் அடி ஆகிவிடுகிறது. 85 அடி டிப்ளோடோகஸ் இரண்டடிக்குச் சற்று மேல். ஒரே விகிதத்தில் சேர்த்தால்தான் எது யானை, எது பூனை என்று கண்ணுக்குப் புரியும். கைக்கு வந்ததையெல்லாம் வாங்கினால், நாய் அளவுள்ள பிராணி டைரனோஸாரஸைத் தோளில் கை போட்டு அழைத்துப் போவதுபோல நிற்கும்.

வாங்க விரும்பும் நேயர்களுக்கு நமது அனுபவத்தில் ஒரு வார்த்தை. முதலில் கையைப் பாருங்கள். இரண்டு காலில் நடக்கும் மாமிசபக்ஷிணிக்கு உள்ளங்கை தரையை நோக்கியிருந்தால் அது தவறு. அவற்றின் மணிக்கட்டு அப்படித் திரும்பாது. ஜால்ரா தட்டுகிறவருடைய கைகளைப் போல உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்க வேண்டும். அடுத்தபடி, வெலாஸிராப்டர் என்று பெயர் போட்டு, இறகே இல்லாமல் உரித்த கோழியைப் போல நின்றால் விட்டுவிடலாம். மங்கோலியாவில் கிடைத்த ஒன்றின் முன்கை எலும்பில் இறகுகள் பதிந்திருந்த முண்டுகளை 2007-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் இறகு ஒட்டிவிடவும் கூடாது. டைரனோஸாரஸுக்குச் சில வருஷங்கள் இறகு ஒட்டிப் பார்த்தார்கள். அதன் கழுத்து, இடுப்பு, வால் இவற்றின் தோல் அச்சுகளில் செதில்களே காணப்படுகின்றன என்று 2017-ல் தெரியவந்ததும், பலர் அவசர அவசரமாக இறகைப் பிடுங்கிவிட்டார்கள்.

வர்ணம் மட்டும் வெறும் கற்பனை என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். அந்த எண்ணமும் போயிற்று. சீன தேசத்து லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்து 1996-ல் வெளியான ஸைனோஸாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோஸாரின் தூவிகளைப் பூதக்கண்ணாடிகளில் மிகச் சக்தி வாய்ந்ததன் கீழ் வைத்துப் பார்த்தார்கள். மயிருக்கும் இறகுக்கும் நிறம் தரும் நுண்ணிய மணிகள் அதில் இருந்தன. நீண்ட மணி கறுப்பு. உருண்டை மணி செம்பட்டை. ஆகவே அதன் வாலில் செம்பட்டையும் வெண்மையும் பட்டை பட்டையாக மாறி மாறி இருந்தன என்று 2010-ல் அறிவித்தார்கள். இன்று அந்தப் பொம்மைக்கு வேறு வர்ணம் தீட்டினால் நம்மைப் போன்றவர்கள் சண்டைக்கு வருவோம்.

இதைவிட நம்மைக் கவர்ந்தது ஸிட்டகோஸாரஸின் விஷயம். கிளி மூக்கும் நாயளவு உடலும் கொண்ட சாதுப் பிராணி. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துக் காட்சிசாலையில் தோலோடு கூடிய ஒன்று இருக்கிறது. 2016-ல் பிரிஸ்டலைச் சேர்ந்த யாகோப் விந்தரும், பாப் நிகோல்ஸ் என்னும் சிற்பியும் அதைப் பார்த்து முழு அளவில் ஓர் உருவம் செய்தார்கள். முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. பிறகு, வர்ணம் தீட்டாத பிரதி ஒன்றை வெட்டவெளியிலும் மர நிழலிலும் வைத்துப் படம் பிடித்து, வெளிச்சம் அதன்மேல் எப்படி விழுகிறது என்று பார்த்தார்கள். இலைகளின் ஊடே வடிந்து வரும் மங்கிய வெளிச்சத்தில்தான் அந்தக் கறுப்பும் வெளுப்பும் நிழலோடு நிழலாகக் கலந்து பிராணியை மறைக்கும் என்று தெரிந்தது. ஆகவே அது காட்டில் வசித்தது என்று முடிவு கட்டினார்கள். எலும்பைப் பார்த்துப் பொம்மை செய்தார்கள் என்பது போய், பொம்மையைப் பார்த்து எலும்பின் ஊரைக் கண்டுபிடித்தார்கள்!

ஸ்பைனோஸாரஸ் மட்டும் நமது பணப்பையை மிகவும் சோதித்துவிட்டது. எகிப்திலிருந்து வந்த அதன் எலும்புகளை 1915-ல் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மானியர் வருணித்தார். 1944 ஏப்ரலில் மியூனிச் நகரத்தின்மேல் குண்டு விழுந்தபோது அவை காட்சிசாலையோடு எரிந்தன. படங்களும் எழுத்தும் மிஞ்சின. முதுகில் பாய் விரித்த அந்தப் பிராணி நமது அலமாரிக்கு முதலில் நெட்டைக் கால்களுடன் வந்தது. 2014-ல் மொராக்கோ எலும்புகளைக் கொண்டு அதற்குப் பின்கால் குட்டை என்றார்கள், இரண்டாவது வாங்கினோம். 2020-ல் வால் துடுப்பைப் போல அகலமானது என்றார்கள், மூன்றாவதும் வாங்கினோம். அது ஆழத்தில் நீந்தியதா, கரையோரத்தில் நின்று மீன் பிடித்ததா என்று இன்னும் வழக்கு நடக்கிறது. பழையவற்றைக் கழித்துவிடலாமே என்று வீட்டில் யோசனை கூறினார்கள். நாம் கழிக்கவில்லை. அந்தந்த வருஷத்தில் எலும்புகள் சொன்னதை அது அதுவும் சொல்லிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் வருஷத்தை எழுதி ஒட்டியிருக்கிறோம். மருமானின் கேள்விக்கு நாம் சொன்ன பதிலும் அதுவே.

அலமாரியைத் திரும்ப அடுக்கி முடித்த அன்று சாயங்காலம், உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் ஐயா, சீமைப் பல்லிகளாகவே அடுக்கியிருக்கிறீரே, நம் தேசத்தில் ஒன்றும் இல்லையா?" என்றார்.

இல்லாமல் என்ன? கோதாவரிச் சமவெளியில் தோண்டி எடுக்கப்பட்ட பாராபாஸாரஸ் டாகோரி கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தின் காட்சிசாலையில் முழு உருவத்தில் நிற்கிறது. வங்காளியில் 'பெரிய கால்' என்று பொருள். 1961-ல், ரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டில், தோண்டும் வேலை நடந்ததால் மகாகவியின் பெயரும் சேர்ந்தது. ஆனால் அதன் தலை கிடைக்கவில்லை. சில பற்களே கிடைத்தன. ஆகவே அதற்குத் தலை வைக்கிறவர் அதன் பந்துக்களைப் பார்த்து ஊகித்துத்தான் வைக்க வேண்டும். நர்மதை நதிக் கரையின் பெயர் தாங்கிய ராஜஸாரஸ், கூர்ஜரத்து ரகியோலியில் கிடைத்து 2003-ல் பெயரிடப்பட்டது. தலையில் சிறு கொம்பு உடையது.

"அது இருக்கட்டும். நம் அரியலூர்ப் பக்கத்தில் உலகத்திலேயே பெரியது ஒன்று அகப்பட்டதாமே! அதை ஏன் வைக்கவில்லை?" என்றார் நண்பர். மருமானும் காதைத் தீட்டிக்கொண்டான்.

நண்பர் குறிப்பிட்டது பிருஹத்காயோஸாரஸ். பெருத்த சரீரம் உடையது என்பது பொருள். அரியலூர்ப் பிரதேசத்தில் கல்லமேடு என்னும் கிராமத்தருகே கிடைத்த சில எலும்புகளை வைத்து, 1980-களின் கடைசியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் பெயரிட்டார்கள். முதலில் அதை மாமிசபக்ஷிணி என்று கருதினார்கள். பின்னால் நீண்ட கழுத்துச் சாகபக்ஷிணி என்று பிறர் தெளிந்தார்கள். அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் சுமார் 6½ அடி என்று குறித்திருக்கிறார்கள். அது மெய்யானால், அதற்கு நிகரான நிலப் பிராணி வெகு சொற்பம். ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. கெட்டிப்படாத அந்த எலும்புகள் நொறுங்கி மண்ணாகிவிட்டன. அவை எலும்பேயல்ல, கல்லாய்ப் போன மரம் என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். 2022-ல் பழைய புகைப்படங்கள் வெளியான பிறகு எலும்புதான் என்ற கட்சி பலப்பட்டிருக்கிறது. எனினும் கழுத்து எப்படி, தலை எப்படி, வால் எப்படி, எத்தனை அடி நீளம் என்பதற்குச் சாக்ஷி ஒன்றுமில்லை.

"சொந்த ஊர்ப் பிராணிக்கு ஓர் உருவம் செய்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஜனங்களுக்குப் பெருமையாயிருக்குமே!" என்றார் நண்பர். நமக்கும் ஆசை இல்லாமலில்லை. நீண்ட கழுத்துப் பொம்மை ஒன்றை வாங்கி, இன்னும் கொஞ்சம் பெரியதாகப் பார்த்து, அடியில் பெயரை ஒட்டிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் மேல் தட்டிலுள்ள மற்றப் பிராணிகளையெல்லாம் கையைக் காட்டு, தோலைக் காட்டு என்று அதட்டிவிட்டு, நமது ஊர்ப் பிராணிக்கு மட்டும் சலுகை காட்டுவது எப்படி? மேல் தட்டில் இரண்டரை அடி இடம் காலியாக விட்டு, அதில் பெயர்ச் சீட்டை மட்டும் வைத்தோம். நண்பருக்குத் திருப்தியில்லை. காப்பியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பார்த்தபோது சீட்டின் பக்கத்தில் ஏதோ துரும்பு கிடந்தது. தட்டிவிடப் போனோம். மருமான் ஓடி வந்து கையைப் பிடித்தான். "மாமா! எடுத்துவிடாதேயுங்கள். 6½ அடியை நாற்பதால் வகுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 2 அங்குலம் வந்தது. ஸ்கேல் வைத்து வெட்டியிருக்கிறேன்" என்றான். துடைப்பத்திலிருந்து உருவின ஓர் ஈர்க்குச்சி. அது இன்னும் அங்கேயே இருக்கிறது.